தொழில் என்று ஒரு கட்டம்

அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் ஒரு பெரிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: “எப்படி ஆச்சு?” கூட வந்தவர் மூச்சு வாங்கியபடி சொல்கிறார்: “வண்டியில இருந்து விழுந்துட்டாங்க சார்.” போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற பயம். டாக்டர் சொன்னதை எழுதிக்கொள்கிறார், அது அவர் வேலை. சில மாதம் கழித்து அந்தக் குடும்பம் எங்கள் அலுவலக பெஞ்சில் வந்து உட்காரும். இடித்துவிட்டுப் போன லாரியின் எண் கையில் இருக்கும், கண்ணால் பார்த்த ஆளும் இருப்பார். அந்த நோட்டில் மட்டும் ‘தானாக விழுந்தார்’ என்று இருக்கும்.

அந்த நோட்டுக்கு விபத்துப் பதிவேடு என்று பெயர். அதன் நகலைத்தான் நாங்கள் ‘ஏ.ஆர். காப்பி’ என்போம். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வழக்குக் கட்டை வாங்கியதும் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான். பிறகு எத்தனை சாட்சி வந்து சொன்னாலும், “முதன்முதலில் டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?” என்ற ஒரே கேள்விக்கு வியர்த்துப் போய்விடுவார்கள். அதனால் என்னிடம் யார் எந்த நேரத்தில் போன் செய்து, “அக்கா, ஆக்சிடென்ட் ஆயிருச்சு” என்றாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

நான் வக்கீல் அல்ல. 1996-இல் திண்டுக்கல்லில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். இப்போது அங்கேயே குமாஸ்தா. விபத்து வழக்கு மனுக்கள் எத்தனை அடித்திருப்பேன் என்று எண்ணியதில்லை. இந்த வழக்குகளில் சொல்தான் பணம். எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது தெரியாமலே ஜனங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதை இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

மனுவின் தலைப்பில் எம்.சி.ஓ.பி. என்று போட்டு ஓர் எண் இருக்கும். மோட்டார் வாகன விபத்துக்கு இழப்பீடு கேட்டுப் போடும் மனு என்று பொருள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், அதற்கென்று உள்ள தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். விபத்து நடந்த ஊரில் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். சென்னையில் அடிபட்ட நிலக்கோட்டைக்காரர் வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. அடிபட்டவர் மனுதாரர். வண்டியின் சொந்தக்காரரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் எதிர்மனுதாரர்கள். “அந்த டிரைவர் பையன் பாவம்க்கா, அவன் குடும்பம் என்ன செய்யும்?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. நல்ல மனசு. ஆனால் வண்டிக்கு முறையான இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைக் கட்டுவது கம்பெனி. டிரைவர் மேல் போலீஸ் போடுவது வேறு வழக்கு, அது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனியாக நடக்கும். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்று பார்ப்பார்கள். அங்கே டிரைவர் விடுதலையாகிவிட்டார் என்பதற்காக இங்கே வழக்குத் தானாக விழுந்துவிடாது.

எங்கள் பக்கம் எந்த எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற இரண்டு சொல்லும் ஜோடியாகவே வரும். இதில் வழக்கைத் தாங்குவது இரண்டாவது சொல். ரோட்டில் வண்டி எடுக்கிற ஒருவர் மற்றவர்களுக்காக எடுத்துக்கொள்ள வேண்டிய கவனத்தை எடுத்துக்கொள்ளாததுதான் அஜாக்கிரதை. வேகமே இல்லாமலும் அது நடக்கும். ராத்திரியில் பின்விளக்கு எரியாத டிராக்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவது அஜாக்கிரதை. பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பதும் அதுதான். “மெதுவாத்தான் வந்தான்” என்று சாட்சி சொன்னதாலேயே வழக்குப் போய்விடாது.

இனி ஒரு பெண்ணின் வழக்கைச் சொன்னால்தான் மற்றச் சொற்கள் விளங்கும். பெயர் வேண்டாம். நிலக்கோட்டைப் பக்கம். வீட்டிலிருந்தே பூக்கட்டுபவர், அப்போது வயது 42. 2018 ஆடி மாதம், கணவர் ஓட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பின்னால் உட்கார்ந்து, மடியில் மல்லிகைப் பையோடு செம்பட்டி ரோட்டில் வரும்போது, ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போன மினி லாரி ஒன்று உரசித் தள்ளியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, பிளேட் வைத்து ஆபரேஷன். கட்டைவிரலை இழுக்கும் தசைநாரும் அறுந்திருந்தது.

காயச் சான்றில் ‘கொடுங்காயம்’ என்று வந்தது. கேட்டதும் அந்த அம்மா பயந்துவிட்டார். இது டாக்டர் பயமுறுத்தி எழுதுவது அல்ல, சட்டத்தில் வரையறுத்த சொல். கண் போவது, காது போவது, கை கால் மூட்டு பயன்படாமல் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எலும்போ பல்லோ முறிந்தாலும் அதில் சேரும். ஆமாம், ஒரு பல் உடைந்தாலே கொடுங்காயம்தான். இந்தச் சொல்லுக்கு இப்போது விலையும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், யார் தப்பு என்றே நிரூபிக்காமல் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்க ஒரு பிரிவு இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கம்பெனியிடம் அந்தத் தொகையை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால், தப்பை நிரூபித்துப் பெரிய தொகை கேட்கும் மனு அதோடு முடிந்துவிடும். கொடுங்காயம் என்று வந்துவிட்டதே, 2.5 லட்சம் போதும் என்று அவசரப்படுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி தன் பதிலுரையில் இரண்டு தடை போட்டது. ஒன்று, எக்ஸ்.எல். ஓட்டிய கணவர் மேலும் தப்பு இருக்கிறது, அதற்குரியதைக் கழிக்க வேண்டும் என்றது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அடிபட்டவரே தன் விபத்துக்கு ஓரளவு காரணமாக இருந்தால், அவர் பங்கு 10 சதவீதமோ 30 சதவீதமோ, அந்த அளவு இழப்பீட்டில் குறைப்பார்கள். இதைப் பங்குக் கவனக்குறைவு என்பார்கள். ஆனால் பின்னால் உட்கார்ந்து வந்த பெண் என்ன செய்தார்? ஹேண்டில் அவர் கையில் இல்லை. இரண்டு ஓட்டுநர்கள் சேர்ந்து மூன்றாவது ஆளுக்கு அடி வாங்கிக் கொடுத்தால் அது கூட்டுக் கவனக்குறைவு. அதில் அடிபட்டவர் முழுத் தொகையையும் இருவரில் எவரிடமிருந்தும் கேட்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் வக்கீல் அதைத்தான் எடுத்து வைத்தார். ஒரு ரூபாய் குறையவில்லை.

இரண்டாவது தடை, லாரி டிரைவரின் உரிமம் மூன்று மாதம் முன்பே காலாவதியாகியிருந்தது. அதனால் நாங்கள் பொறுப்பில்லை என்றது கம்பெனி. இதற்கு நீதிமன்றங்கள் கண்ட வழியைக் கோர்ட் வராண்டாவில் ‘பே அண்ட் ரெக்கவர்’ என்போம். முதலில் அடிபட்டவருக்கு நீ கொடு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள் என்பது. உரிமம் யாருக்குக் காலாவதியானது என்று பார்த்துவிட்டா அந்த அம்மா ரோட்டில் போக முடியும்?

பின்சீட்டைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாது. பைக்குக்கு ‘தேர்டு பார்ட்டி’ மட்டும் போட்டு வைத்திருப்பீர்கள். முதல் தரப்பு நீங்கள், இரண்டாம் தரப்பு கம்பெனி, மற்றவர் மூன்றாம் நபர். ஆனால் வேறு வண்டி எதுவும் மோதாமல், உங்கள் பைக் நாய் குறுக்கே வந்து சரிந்தால், பின்னால் இருக்கும் உங்கள் மனைவிக்கு அந்தத் ‘தேர்டு பார்ட்டி’ பாலிசியில் பணம் கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தால்தான் வாய்ப்பு. வருடாவருடம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல என்று என் தம்பியிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

பூக்கட்டும் அம்மாவிடம் வருகிறேன். மருத்துவக் குழு அவருக்கு 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. எங்கள் பக்கம் இதைப் பணமாக்க இரண்டு வழி. ஒரு சதவீதத்துக்கு மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம் என்று ஒரு தொகை போட்டுப் பெருக்குவது ஒரு வழி. நாலாயிரம் போட்டால் 1,20,000. அடிபட்ட பிறகும் பழைய வேலையைப் பழையபடி பார்க்க முடிகிறவருக்கு இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். இன்னொன்று, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று பார்த்து, மீதி வாழ்நாளுக்கும் கணக்கிடுவது. உடம்பின் ஊனமும் தொழிலின் ஊனமும் வேறு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் விரித்துச் சொல்லியிருக்கிறது. இடது கை போன தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே போய்விடுகிறது. அதே கை போன அரசு எழுத்தருக்கு வேலை போகாமல் இருக்கலாம். கை ஒன்றுதான், இழப்பு ஒன்றல்ல.

அந்த அம்மா சாட்சிப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த அன்று நடந்தது எனக்கு மறக்காது. மனுவில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று இருந்தது. போலீஸ் ஆவணத்தில் அப்படி இருந்ததால் நானும் அப்படியே அடித்திருந்தேன். “உங்களுக்கு வருமானம் இல்லையாம்மா?” என்று கேட்டேன். “பூக்கட்டுறதெல்லாம் ஒரு தொழிலாக்கா? பொழுதுக்கும் கட்டுனா முந்நூறு வரும், முகூர்த்த நாள்னா அதுக்கு மேல” என்றார். இப்போது கட்ட முடிகிறதா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. என் தலையில் இருந்த சரத்தைக் காட்டி, அதைக் கொடுங்கள் என்றார். பூவை உதிர்த்து மேஜையில் வைத்தார். நாரை இடது கையில் சுற்றி, வலது கையால் நாலு மொட்டை எடுத்து வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து நாரை மடக்க வேண்டும். மொட்டு நிற்கவில்லை. கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட அரை அங்குலம் இருக்கும்போதே நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை மொட்டுகள் என் டைப் தாள்மேல் சிதறின. அவர் அவற்றைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, “இப்படித்தான்கா” என்றார்.

நான் அடித்த தாளை எடுத்துக்கொண்டு வக்கீல் ஐயாவிடம் போனேன். மனுவைத் திருத்த அனுமதி கேட்டு மனுப் போட்டோம். அவருக்குத் தினமும் பூ கொடுத்து வாங்கும் கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். மாதம் 15,000 கேட்டோம். கணக்கு வழக்கு இல்லாத தொழில் என்பதால் தீர்ப்பாயம் உத்தேச வருமானமாக 9,000 வைத்தது. சொந்தத் தொழிலில் இருக்கும் 40 முதல் 50 வயதுக்காரருக்கு, வருங்காலத்தில் கூடியிருக்கக்கூடிய வருமானம் என்று 25 சதவீதம் சேர்க்க வேண்டும். இது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்த அளவு. ஆக மாதம் 11,250, வருடத்துக்கு 1,35,000.

இதை எத்தனை வருடத்துக்குப் பெருக்குவது? அதற்குத்தான் ‘மல்டிபிளையர்’. 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கு ஒரு எண் என்று நிலையாக வகுத்தது. 15 முதல் 25 வயது வரை 18, பிறகு வயது ஏற ஏற இறங்கி, 65-ஐத் தாண்டினால் 5. என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பட்டியல் வருடக்கணக்காக இருக்கிறது, மஞ்சள் பூத்துவிட்டது. அதன்படி 42 வயதுக்கு 14. இன்னும் இருபது வருடம் உழைத்திருப்பாரே, ஏன் 14 என்று எல்லாரும் கேட்பார்கள். இருபது வருடத்துப் பணமும் மொத்தமாக இன்றே கைக்கு வருவதால் எண்ணைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். 42 வயதுக்கு 14. 14-ஆல் பெருக்கினால் 18,90,000. அவரது தொழில் ஊனம் 25 சதவீதம் என்று தீர்ப்பாயம் வைத்தது. 4,72,500.

ஒரு மணிக்கட்டு. 1,20,000 ஆகவும் போயிருக்கலாம், 4,72,500 ஆகவும் வந்தது. பூக்கட்டுபவர் என்ற ஒரு சொல்.

இது தவிர வலிக்கும் வேதனைக்கும், மருத்துவச் செலவுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டி வாடகைக்கும், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கும், ‘கூடுதல் ஊட்டச்சத்து’ என்ற பெயரில் முட்டைக்கும் பாலுக்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. துணிமணி சேதம் என்றும் ஒரு தலைப்பு இருக்கும், ஆயிரம் ரூபாய் போல. அவசரப் பிரிவில் ஜாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்திருப்பார்கள். ஆட்டோக்காரரிடம் சீட்டு வாங்கி வைப்பவர் யாரும் இல்லை. வாங்கி வையுங்கள்.

நடுவில் ஒருமுறை மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், சமரசம் பேசினார்கள். கம்பெனி இரண்டு லட்சம் தருவதாகச் சொன்னது. லோக் அதாலத்தில் முடிவது சீக்கிரம் முடியும், பல குடும்பங்களுக்கு அதுவே சரி. ஆனால் அங்கே இரு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும், போட்ட பிறகு அல்ல. சொன்னேன். “நீங்க என்னக்கா நினைக்கிறீங்க?” என்றார். நாரும் மொட்டும் என் கண்ணுக்குள் இருந்தன. வேண்டாம்மா என்றேன். அவர் காத்திருந்தார். 2022-இல் தீர்ப்பு. மனுப் போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி, எங்கள் பக்கம் பெரும்பாலும் அதுதான்.

உயிரிழப்பு வழக்கில் சொற்கள் கொஞ்சம் மாறும். இறந்தவரின் வருமானத்தில் அவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடியதைக் கழிப்பார்கள். கல்யாணம் ஆகாதவர் என்றால் பாதி, இரண்டு மூன்று பேர் அவரை நம்பி இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, நாலு முதல் ஆறு பேர் என்றால் நாலில் ஒரு பங்கு. துணையிழப்பு என்று ஒரு தலைப்பு இருக்கிறது. 2017-இல் 40,000 என்று வைத்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னார்கள். அது கணவன் மனைவிக்கு மட்டும் என்று இருந்ததை, தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் உண்டு என்று 2018-இல் விரித்தார்கள். மைனர் பிள்ளைகளின் பங்கு வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும், 18 வயது முடிந்த பிறகு எடுக்கலாம்.

தீர்ப்பு வந்தும் பணம் வராத வழக்குகள் உண்டு. அதற்கு நிறைவேற்று மனு, எங்கள் பேச்சில் ‘ஈ.பி.’. பஸ் நிலையத்தில் அரசுப் பேருந்து ஜப்தி என்று பேப்பரில் படிப்பீர்கள். அரசுப் பேருந்துகளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை, கழகமே தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்தால் கோர்ட் அமீனா போய் பஸ் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருக்கிறேன். மகனைப் பறிகொடுத்த அந்த அம்மா, பஸ்ஸில் இருந்து இறக்கிவிடப்பட்ட பயணிகளிடம், “மன்னிச்சுக்கங்கய்யா, மன்னிச்சுக்கங்க” என்று கை கூப்பிக்கொண்டே நின்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

காலக்கெடுவையும் சொல்ல வேண்டும். 1994-க்குப் பிறகு நீண்ட காலம் விபத்து மனுவுக்குக் கெடுவே கிடையாது. அந்த நினைப்பிலேயே இன்னும் பலர், “பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், வருஷத் திவசம் முடியட்டும்” என்று இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் 1-லிருந்து ஆறு மாதம் என்று சட்டம் மாறியிருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். இடித்த வண்டியே தெரியவில்லை என்றால் கோர்ட்டுக்கு வர வேண்டியதில்லை, வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி ஒருவர் ஆப்பிள் பையோடு வந்து, எழுதாத வக்காலத்துத் தாளை நீட்டுவார். வருகிற பணத்தில் இத்தனை பங்கு என்று பேசுவார். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று ஒரு வக்கீல் பேரம் பேசவே பார் கவுன்சில் விதி இடம் கொடுக்கவில்லை. கையில் காசு இல்லாவிட்டால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

கடைசியாக, அந்தத் தொழில் கட்டம். வீட்டில் இருக்கும் பெண் இறந்தால் அல்லது முடங்கினால் என்ன கணக்கு? சட்டத்தின் பழைய அட்டவணை, சம்பாதிக்காதவருக்கு வருடத்துக்கு 15,000 என்றும், மனைவி என்றால் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றும் போட்டிருந்தது. 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், வீட்டில் பெண் செய்யும் வேலையை எப்படி மதிப்பிட வேண்டும் என்று விரிவாக ஒரு தீர்ப்பு எழுதினார். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக்கொண்டு பேசியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், சிறைக்கைதிகளோடு சேர்த்து ‘வேலை செய்யாதோர்’ என்று எண்ணியிருப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கண்டித்தது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில், இல்லத்தரசிக்கும் உத்தேச வருமானம் வைக்க வேண்டும், வருங்கால உயர்வும் சேர்க்க வேண்டும் என்று உறுதியானது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை, உட்கார்ந்து படித்தேன்.

போன மாதம் ஒருவர் வந்தார். வேடசந்தூர்ப் பக்கம். மனைவி இறந்து நாற்பது நாள். படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். பெயர், வயது, முகவரி.

“என்ன வேலை பார்த்தாங்கண்ணே?”

“வேலையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சும்மா வீட்லதான் இருந்தா.”

பேனாவை நிறுத்தினேன். “காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?”

“நாலரைக்கு எந்திரிச்சிருவா. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்ல.”

“மாடு எத்தனை?”

“ரெண்டு. பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்துதான் சமைப்பா.”

“சொசைட்டி அட்டை யார் பேர்ல இருக்கு?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அவ பேர்லதான் இருக்கு.”

“நாளைக்கு வரும்போது அதை எடுத்துட்டு வாங்கண்ணே” என்றேன். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டு, அடுத்த கட்டத்துக்குப் போனேன்.